பழைய கார் என்ஜினில் ஆயில் லீக்: ஸ்பானரை எடுக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

கார் நின்ற இடத்தில் ரெண்டு சொட்டு ஆயில் கிடந்தால் போதும், உடனே ஸ்பானரைத் தேடிக் கிளம்பிவிடுகிறோம். முதல் தவறே அதுதான். ஆயில் கசியும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. என்ஜினின் தலைமேல் இருக்கும் மூடியான டேப்பட் கவரின் பின்மூலையில் கசிகிற ஆயில் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் வந்துதான் சொட்டும். பார்ப்பவருக்கு கிராங்கின், அதாவது என்ஜினுக்குள் சுழலும் தண்டின், பின்பக்க சீல் (ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது போலவே தெரியும்.

நானும் ஒருமுறை அப்படி ஏமாந்தேன். கியர் பாக்ஸை இறக்கி, சீல் மாற்றி, மறுபடி ஏற்றி, முதுகுவலியோடு ஓட்டிப் பார்த்தால் அதே சொட்டு அதே இடத்தில். கடைசியில் பார்த்தால் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிற ஆயில் பிரஷர் சுவிட்ச், அதன் பிளாஸ்டிக் தலையும் இரும்பும் சேரும் விளிம்பில் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. மாற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அதனால் முதலில் என்ஜினைக் கழுவுங்கள். கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிப்யூட்டரையும் பையால் மூடிவிட்டு, பழைய அழுக்கெல்லாம் போகக் கழுவிக் காயவைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், எடை கீழே இழுக்கும். ஆகவே ஈரமான இடங்களில் எது மிக மேலேயும் மிக முன்னாலும் இருக்கிறதோ அங்கிருந்து சந்தேகப்படுங்கள். சந்தேகமான இடத்தில் டால்கம் பவுடர் தூவிவிட்டால் ஆயில் வந்த வழி கோடாகத் தெரியும்.

அடுத்த தவறு, கசிகிறதே என்று போல்ட்டை இன்னும் இறுக்குவது. டேப்பட் கவர், அடியில் ஆயில் தேங்கும் சம்ப் எல்லாம் பெரும்பாலும் மெல்லிய தகடு, அதற்கும் என்ஜினுக்கும் நடுவில் கசியாமல் அடைப்பது கார்க் பேக்கிங். இறுக்க இறுக்க போல்ட் துளையைச் சுற்றித் தகடு குழிந்து, ரெண்டு போல்ட்டுக்கு நடுவில் மேடாகிவிடும், கார்க்கும் பிளந்துபோகும். கவரைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், எங்கே ஆடுகிறது என்று புரியும். குழிந்த இடத்தை ஒரு கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமமாக்காமல் எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் வீண்.

சரி, பேக்கிங்குக்குப் பதில் சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்பினால்? வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதே அளவு உள்ளேயும் பிதுங்குகிறதே! அது பிய்ந்து சம்பில் விழுந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் பேரிங் போய்விடும், அதற்குச் சொட்டுவதே மேல். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போதும் அலுமினியத்தில் இரும்பு பிளேடு வேண்டாம், ஒரு கீறல் விழுந்தால் அதுவே புது லீக்.

பலர் கவனிக்காதது ப்ரீதர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்கத்தான் செய்யும், அது வெளியேற வேண்டிய ப்ரீதர் குழாய் பிசினாக அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். ஒரே நேரத்தில் மூன்று நாலு இடத்தில் கசிந்தால் நான் முதலில் கழற்றுவது அதைத்தான். ப்ரீதர் சுத்தமாக இருந்தும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதா, அப்போது பிரச்சினை ரிங்கிலோ போரிலோ (பிஸ்டன் ஓடும் துளை) இருக்கலாம், பேக்கிங்கில் இல்லை.

அப்புறம் கிராங்கின் முன்பக்க சீல். புது சீல் போட்டும் கசிந்தால் சீலுக்குள் சுழலும் புல்லியின் கழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய சீல் அரைத்த பள்ளம் நகத்தில் தட்டும். அதன் மேல் மெல்லிய ஸ்லீவ் (உறை) ஏற்ற வேண்டும். சீலின் உதட்டில் ஆயில் தடவாமல் உலர்ந்தபடி மாட்டினால் ஸ்டார்ட் செய்ததுமே அது கருகத் தொடங்கும்.

டிரெயின் போல்ட்டின் செம்பு வாஷரை அப்படியே திரும்பப் போடாதீர்கள். புதுசு இல்லையென்றால் சிவக்கச் சூடாக்கி ஆறவிடுங்கள், மறுபடி மெத்தென்று ஆகிவிடும். லீக்கை நிறுத்தும் என்று விற்கிற திரவங்கள் காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலுக்கோ பேக்கிங்குக்கோ அதனால் பயனில்லை.

சில என்ஜின்கள் பிறவியிலேயே சொட்டும். மாரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரில் வந்த ஏ-சீரிஸ் என்ஜினின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, ஆயிலை உள்ளே திருப்பிவிடும் மரைதான். அது ரெண்டு சொட்டு விட்டால் அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் குழாய்) விழுகிற சொட்டு தீப்பிடிக்கலாம், ஆயில் பட்டால் கிளட்ச் வழுக்கும். இவை இரண்டையும் மட்டும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.