லேப் உதவியாளர் பயிற்சியில் இருக்கிறீர்களா? தற்காலிக உரிமத்துக்குத் தயாராவது இப்படி

ரத்த மாதிரி எடுக்கவும் அதைப் பரிசோதனைக்குத் தயார் செய்யவும் கற்றுக்கொண்டிருப்பவர், முழு உரிமம் வரும் வரை மேற்பார்வையில் வேலை பார்க்கத் தரப்படும் அனுமதிதான் தற்காலிக உரிமம். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம்கூட மாறும். ஆகவே உங்கள் பகுதிக்கான விண்ணப்பப் படிவத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். சீனியர்கள் சொல்வதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அவர்கள் விண்ணப்பித்த காலத்து விதி இப்போதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 1: தடுப்பூசியை முதலில் முடியுங்கள்

இதைக் கடைசி வரை தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். ரத்தத்தின் வழியே பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியின் வழக்கமான அட்டவணையில் 3 ஊசிகள்: முதல் ஊசி, 1 மாதம் கழித்து ஒன்று, 6-வது மாதத்தில் ஒன்று. கடைசி ஊசி போட்ட 1 முதல் 2 மாதங்களுக்குள் எதிர்ப்புப்பொருள் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று கொள்வார்கள். ஆக மொத்தம் ஏழெட்டு மாதம். மற்ற காகிதங்களை ஓடியாடி ஒரு வாரத்தில் சேர்த்துவிடலாம், இதை முடியாது.

படி 2: காகிதங்கள்

பயிற்சியில் சேர்ந்ததற்கான சான்று, கல்விச் சான்றிதழ், அடையாள அட்டை, புகைப்படம். எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர் என்றிருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

படி 3: லாக்புக்

பயிற்சியில் ரத்தம் எடுத்த ஒவ்வொரு முறையையும் குறித்துவைக்கும் பதிவேடு இது. என்னைக் கேட்டால் உங்கள் உரிமத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. பல இடங்களில் எண்ணிக்கையே விதியாக இருக்கிறது. உதாரணமாக, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரத்தம் எடுக்கும் சான்றிதழுக்கு, செய்முறைப் பயிற்சியில் குறைந்தது 50 முறை சிரையிலிருந்தும் 10 முறை தோலைக் குத்தியும் ரத்தம் எடுத்திருக்க வேண்டும். உங்கள் பகுதியின் எண் வேறாக இருக்கலாம். எண் எதுவானாலும் எழுதாத வேலை கணக்கில் வராது.

தேதி, எடுத்த முறை, எந்தக் குழாய்கள், எத்தனை முயற்சி, மேற்பார்வையாளர் கையெழுத்து: இவை போதும். நோயாளியின் பெயரை எழுதவே கூடாது. சிரை கிடைக்காமல் விட்டதையும் எழுதுங்கள். மேற்பார்வையாளர் உங்களுக்கு எங்கே சொல்லித்தர வேண்டும் என்பது அந்த வரிகளிலிருந்துதான் தெரியும். கையெழுத்தை அன்றன்றைக்கே வாங்குங்கள். நான் பயிற்சியில் இருந்தபோது மூன்று வாரக் கையெழுத்தைச் சேர்த்து வாங்கலாம் என்று விட்டேன். அதற்குள் மேற்பார்வையாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். அந்த மூன்று வார வேலையைத் திரும்பவும் செய்தேன்.

படி 4: கைத்திறன் தேர்வு

நோயாளியிடம் "நீங்கள் குமார்தானே?" என்று கேட்கக் கூடாது. பதற்றத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். பெயரையும் பிறந்த தேதியையும் அவரே சொல்லட்டும். லேபிளை ரத்தம் எடுத்த பிறகு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒட்டுங்கள். டூர்னிக்கே (சிரை புடைத்துத் தெரிய கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) 1 நிமிடத்துக்கு மேல் கட்டியிருக்கக் கூடாது.

அப்புறம் குழாய் வரிசை, அதாவது எந்தக் குழாயை முதலில் நிரப்புவது, எதை அடுத்து நிரப்புவது என்பது. நிறம் குழாயின் மூடியைக் குறிக்கும்; சிட்ரேட், ஹெப்பாரின், இடிடிஏ, ஃபுளோரைடு எல்லாம் குழாய்க்குள் இருக்கும் சேர்மானங்கள். ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கான குப்பி), வெளிர்நீல சிட்ரேட், சீரம், பச்சை ஹெப்பாரின், ஊதா இடிடிஏ, சாம்பல் ஃபுளோரைடு. இதை வெறுமனே மனப்பாடம் செய்யாதீர்கள், காரணத்தோடு படியுங்கள். ஊதாக் குழாயில் இருப்பது இடிடிஏ-யின் பொட்டாசியம் உப்பு. அதில் துளி சீரம் குழாய்க்குள் போனாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். அந்த எண்ணை நம்பி மருத்துவர் சிகிச்சையை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வரிசை மறக்கவே மறக்காது. வெளிர்நீலக் குழாயைக் குறிக்கோடு வரை நிரப்ப வேண்டும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்ற கணக்கு குறைந்தால் ரத்தம் உறையும் நேரம் தப்பாக வரும்.

படி 5: உரிமம் கைக்கு வந்த பிறகு

அதில் என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருக்கிறதோ அதற்குள் நில்லுங்கள். ஆள் பற்றாக்குறை நாளில், "இதையும் நீயே பார்த்துடேன்" என்று யாராவது சொல்வார்கள். மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் தனியாக ரத்தம் எடுக்கச் சொன்னால், "எனக்கு இன்னும் அனுமதி இல்லை, அவரைக் கூப்பிடுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். முடிவுத் தேதியை அன்றைக்கே குறித்துக்கொண்டு, முழு உரிமத் தேர்வுக்கு அதற்கு வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். தேதி கடந்துவிட்டால் புது அனுமதி வரும் வரை ஊசியைத் தொடக் கூடாது.