தெர்மோ புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து பிரியுங்கள்

நல்ல வெப்ப இயக்கவியல் புத்தகம் ஒன்று கைக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் நீரும் ஆவியும் எப்படி இருக்கும் என்று எண்களில் சொல்லும் நீராவி அட்டவணை அங்கேதான் இருக்கும். பாய்லர் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருகிறவர்களுக்கு நான் தெர்மோ சொல்லித் தருகிறேன். ஆரம்பத்தில் அட்டவணை மட்டும்தான். அவர்கள் கொட்டாவி விடுவார்கள், பரவாயில்லை.

100 டிகிரி செல்சியஸ் வரிசையைப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீர் 0.001043 கன மீட்டர் இடம் பிடிக்கிறது, ஆவியானால் சுமார் 1.67 கன மீட்டர். ஆவியாக்க 2257 கிலோ ஜூல் வேண்டும். அப்புறம் 1000 கிலோ பாஸ்கலுக்கு இறங்குங்கள். கொதிநிலை 180 டிகிரியை ஒட்டி ஏறிவிட்டது, ஆவியாக்கும் வெப்பமோ சுமார் 2015 ஆகக் குறைந்துவிட்டது. இப்படியே விரலை நகர்த்திக்கொண்டே போனால் 374 டிகிரி, 22 மெகா பாஸ்கல் பக்கத்தில் அந்த எண் பூஜ்யமாகிவிடும். அதுதான் மாறுநிலைப் புள்ளி, அங்கே நீருக்கும் ஆவிக்கும் வித்தியாசமே இல்லை. இதைப் பார்த்துவிட்டு முதல் அத்தியாயத்துக்கு வந்தால், வரைபடத்தில் நீரும் ஆவியும் சேர்ந்திருக்கும் பகுதியைக் காட்டும் அந்தக் கவிழ்ந்த கிண்ணம் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கணக்கைப் பார்த்ததும் "எந்தச் சூத்திரம் சார்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அது மூன்றாவது கேள்வி. எல்லைக்கோடு, அதாவது கணக்கில் எடுக்கும் பொருளைச் சுற்றி நாம் மனத்தில் போடும் கோடு, எங்கே என்பது முதலாவது. தொடக்கத்திலும் முடிவிலும் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பது இரண்டாவது. நிலையைச் சொல்லச் சார்பற்ற இரண்டு பண்புகள் போதும். ஆனால் நீரும் ஆவியும் சேர்ந்திருக்கும்போது அழுத்தமும் வெப்பநிலையும் கைகோத்தே போகும், அவை இரண்டு தகவல் ஆகாது. அங்கே ஆவி எத்தனை பங்கு என்பதும் தெரிய வேண்டும்.

எல்லைக்கோட்டின் அருமை புரிய ஒரு கணக்கு. காற்றே இல்லாத தொட்டி, வெப்பம் கடத்தாத சுவர். 300 கெல்வினில் காற்று ஓடும் குழாயோடு இணைத்து வால்வைத் திறக்கிறோம், அழுத்தம் சமமானதும் மூடுகிறோம். உள்ளே வெப்பநிலை என்ன? 300 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விடை சுமார் 420 கெல்வின், அதாவது 147 டிகிரி செல்சியஸ். உள்ளே நுழையும் காற்றைப் பின்னாலிருந்து குழாய்க் காற்று தள்ளுகிறது. அந்தத் தள்ளும் வேலையும் தொட்டிக்குள் ஆற்றலாகத் தங்கிவிடுகிறது. வந்தது என்தால்பி (அக ஆற்றலோடு தள்ளும் வேலையும் சேர்ந்தது), தங்கியது அக ஆற்றல் (பொருளுக்குள்ளேயே இருக்கும் ஆற்றல்). காற்றுக்கு இரண்டின் வெப்ப ஏற்புத்திறன் விகிதம் 1.4, 300-ஐ அதனால் பெருக்கினால் 420, அவ்வளவுதான். இதையே தொட்டியைச் சுற்றி மட்டும் கோடு போட்டு ஒருமுறையும், உள்ளே வரப்போகும் காற்றையும் சேர்த்துக் கோடு போட்டு ஒருமுறையும் போடுங்கள். இரண்டு வழியிலும் 420 வந்தால் திறந்த அமைப்பு (எல்லையைத் தாண்டிப் பொருள் வந்துபோகும் அமைப்பு) அத்தியாயம் உங்கள் கையில்.

தீர்த்துக் காட்டிய கணக்குகளை வாசித்துக்கொண்டு போகாதீர்கள். விடையைத் தாளால் மூடிவிட்டு, படம் வரைந்து, எண்ணின் அளவையாவது ஊகியுங்கள். நொடிக்கு 100 மீட்டர் வேகம் என்றால் கிலோவுக்கு 5 கிலோ ஜூல்தான். 100 மீட்டர் உயரம் ஒன்றுக்கும் குறைவு. டர்பைன் கணக்கில் இவற்றை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது அப்போது தெரியும். வேலைக்குக் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ட்ரோபிக்குத் தத்துவ விளக்கம் தேடி அலைய வேண்டாம். 500 கெல்வினிலிருந்து 300 கெல்வினுக்கு 1000 கிலோ ஜூல் வெப்பம் சும்மா பாய்கிறது. வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி: ஒரு பக்கம் 2 போகிறது, மறுபக்கம் 3.33 வருகிறது, புதிதாக உண்டானது 1.33. அதை 300-ஆல் பெருக்கினால் 400 கிலோ ஜூல். இதே இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவே கார்னோ எஞ்சின் (இழப்பே இல்லாத கற்பனை எஞ்சின்) வைத்திருந்தால் 40 சதவீதம், அதே 400 கிலோ ஜூல் வேலை கிடைத்திருக்கும். கோட்டைவிட்ட வேலையின் கணக்கு என்று எடுத்துக்கொண்டால் அந்த அத்தியாயம் பயமுறுத்தாது.

சரி, இதெல்லாம் வந்துவிட்டால் ரேங்கின் சுழற்சி (நீராவி மின்நிலையம் ஓடும் சுழற்சி), குளிர்பதனம் எல்லாம் வேகமாக நகரும். பண்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் சமன்பாடுகளான மேக்ஸ்வெல் தொடர்புகள் வரும் அத்தியாயத்தை முதல் சுற்றில் தாண்டிவிடலாம்.