சாய்ந்த ஆண்டெனா கோபுரம்: நழுவிய கம்பியைச் சரிசெய்த விதம்

பினாங்கின் பாயான் லெப்பாசில் 12 மீட்டர் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) கோபுரம் ஒன்று, சுமத்ரா காற்று எனும் திடீர்ப் பலத்த காற்றடித்த பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கோபுரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பி அறவில்லை, அதன் மடக்கிய முனையைக் கவ்வும் கிளிப்பிலிருந்து நழுவியிருந்தது. கிளிப்பின் யு-போல்ட்டை (U வடிவ ஆணியை) பாரம் தாங்கும் கம்பியின்மேல் மாட்டியிருந்தார்கள். அப்படி மாட்டினால் இழை நசுங்கும், பிடியும் குறையும். யு-போல்ட் பாரம் தாங்காத, மடக்கிய வால்கம்பியின்மேல்தான் உட்கார வேண்டும்.

பழைய கம்பியை அவிழ்க்குமுன் அதே திசையில் தற்காலிகக் கம்பி கட்டி இழுத்துவிட்டேன். இது இல்லாமல் கை வைக்கவே கூடாது, உயிர் போகும். யாரையும் மேலே ஏறவும் விடவில்லை.

புதிதாகப் போட்டது 6 மி.மீ. கால்வனைஸ் கம்பி, மடிப்பில் திம்பிள் (கம்பி நசுங்காமல் காக்கும் உலோக வளைவு), முனைக்கு 3 கிளிப், 40 மி.மீ. இடைவெளி. வார்ப்பு கிளிப் வேண்டாம், அடித்துச் செய்த எஃகு கிளிப்பே நம்பகமானது. கம்பிகளைத் தரையில் பிடிக்கும் நங்கூரங்கள் 120 பாகை இடைவெளியில், கோபுரத்தின் அடியிலிருந்து சுமார் 9.5 மீட்டரில்.

மூன்று பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இழுவிசை, கம்பி அறும் பலத்தில் 10 விழுக்காடு போதும்: 2 டன் கம்பிக்கு 200 கிலோ. மிஞ்சினால் கோபுரத்தின் கால்களில் அமுக்கம் ஏறும். கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் அதிர்வில் தானாகக் கழலும். அதன் உடலினூடே 8 வடிவில் கம்பி கோத்துப் பூட்டுங்கள். பாரம் ஏறியதும் கம்பி மெலியும், அதனால் சில நாளில் கிளிப் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.