அந்த 2 எங்கிருந்து வருகிறது? கனங்களின் கூடுதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் டியூஷனில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் 27க³ + 8 என்ற கோவையைக் காரணிப்படுத்திவிட்டு நோட்டை நீட்டினான். (3க + 2)(9க² − 12க + 4) என்று எழுதியிருந்தான். நடுவில் வர வேண்டியது −6க; எங்கிருந்தோ ஒரு 2 கூடுதலாக ஒட்டிக்கொண்டது. அவன் வயதில் நானும் இதையேதான் எழுதினேன். அதனால்தான் இந்தக் குறிப்பு. புத்தகத்தில் ஏ, பி, எக்ஸ் என்று வரும் மாறிகளை இங்கே அ, இ, க என்று வைத்துக்கொள்கிறேன்.

குறி மாறிப்போவது, 64 என்பது 4-இன் கனம் என்று சட்டென நினைவுக்கு வராதது எல்லாம் பத்துக் கணக்குப் போட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

நடுவில் முளைக்கும் 2

அ³ + இ³ = (அ + இ)(அ² − அஇ + இ²)

நடு உறுப்பு வெறும் அஇ. அங்கே 2 கிடையாது. ஆனால் (அ − இ)² விரிவை வருடக்கணக்கில் எழுதிப் பழகிய கை, அ², இ² இரண்டையும் ஒரே அடைப்புக்குறிக்குள் பார்த்ததும் −2அஇ என்று போட்டுவிடுகிறது. அதோடு நின்றாலாவது பரவாயில்லை. "9க² − 12க + 4 என்பது (3க − 2)² ஆயிற்றே!" என்று அடுத்த வரியில் அதையும் சுருக்கிவிடுகிறார்கள். விடை இவ்வளவு அழகாக முடிந்தால் யாருக்குச் சரிபார்க்கத் தோன்றும்? எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது அதுதான்.

பத்தாம் வகுப்புத் தேர்வு ஒன்றில் எனக்கு ஒரு விகிதமுறு கோவையைச் சுருக்கும் கணக்கு வந்தது. தொகுதியில் க³ + 8, பகுதியில் க² − 4. நான் தொகுதியை (க + 2)(க − 2)² என்று பிரித்தேன். பகுதி (க + 2)(க − 2). எல்லாம் அடிபட்டு க − 2 மட்டும் மிஞ்சியது. நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். க = 3 என்று ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் போதும்: கேள்வி 35/5, அதாவது 7. என் விடையோ 1. அரை நிமிட வேலை அது.

இப்போது வகுப்பில் இதைக் காட்ட 1729-ஐத்தான் எடுக்கிறேன். நோயுற்றிருந்த கணித மேதை ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்சியின் எண். அது 12³ + 1³, 10³ + 9³ என இரண்டு விதமாக வரும். முதல் விதத்தில் 13 × (144 − 12 + 1) = 13 × 133 = 1729. நடுவில் 2 போட்டால் 13 × 121 = 1573 ஆகிவிடும். இரண்டாவது விதத்தில் 19 × (100 − 90 + 81) = 19 × 91, மறுபடியும் 1729. அங்கேயும் 2 போட்டால் 19 × (10 − 9)², வெறும் 19! 1729 இருக்க வேண்டிய இடத்தில் 19 நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் அந்த 2-ஐ எழுதும்போது கொஞ்சம் தயங்குகிறார்கள்.

குறைவது எவ்வளவு என்று பாருங்கள். 1729 − 1573 = 156, அதாவது 12 × 1 × 13. பெருக்கிப் பார்த்தால் காரணம் புரியும். சரியான வடிவில் −அ²இ-யும் +அ²இ-யும், +அஇ²-உம் −அஇ²-உம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. 2 போட்டால் நீங்காமல் −அஇ(அ + இ) மிச்சம் நிற்கும்.

கெழுவை வர்க்கப்படுத்த மறப்பது

(3க)² = 9க²; 3க² அல்ல. க-வின் முன்னால் நிற்கும் 3-தான் கெழு, அதையும் வர்க்கப்படுத்த வேண்டும். முதலில் அடைப்புக்குறி போடுங்கள்.

பொதுக்காரணியை எடுக்காமல் கைவிடுவது

16க³ + 54-ஐப் பார்த்ததும் "16 கன எண் இல்லையே" என்று பேனாவை மூடிவிடுகிறார்கள். 2-ஐ வெளியே எடுத்தால் 8க³ + 27. மீதி வழக்கம்போல: 2(2க + 3)(4க² − 6க + 9).

இருபடிக் காரணியை மேலும் உடைக்கப் பார்ப்பது

அ² − அஇ + இ² உடையாது. அ-வில் அமைந்த இருபடியாக எடுத்துக்கொண்டால் தன்மைகாட்டி (நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து மற்ற இரண்டின் பெருக்கலை நான்கு மடங்காக்கிக் கழித்தது) இ² − 4இ² = −3இ²; இ பூச்சியமாக இல்லாதவரை இது குறை எண். ஆகவே மெய்யெண் கெழுக்களோடு ஒருபடிக் காரணிகள் கிடைக்காது.

ஆனால் அ-வின் இடத்தில் க² இருந்தால் இன்னொரு முறை பாருங்கள். க⁶ + 27 = (க² + 3)(க⁴ − 3க² + 9). இரண்டாவது அடைப்பை (க² + 3)² − 9க² என்று எழுதினால் அது (க² + 3க + 3)(க² − 3க + 3) என்று பிரியும். க = 1 போட்டுப் பார்த்தேன்: 4 × 7 × 1 = 28. சரிதான்.