ஃப்ரீபிஎஸ்டி கரண்ட் ஸ்லோன்னு சொல்றதுக்கு முன்னாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரீபிஎஸ்டிங்கறது லினக்ஸ் மாதிரி ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். போன வாரம் ஒரு தம்பி கேட்டான், "அண்ணா, ஃப்ரீபிஎஸ்டி புது வெர்ஷன் போட்டேன், பழசுல சட்டுனு முடிஞ்ச கம்பைல் இதுல இழு இழுன்னு இழுக்குது, புதுசுன்னா வேகமா தானே இருக்கணும்?"னு. யூநேம் (வெர்ஷன் காட்டுற கமாண்ட்) அடிச்சுப் பாருடான்னேன். நம்பர் பக்கத்துலயே கரண்ட்னு போட்டிருந்துச்சு. நிறைய பேர் இதுலதான் மாட்டுறாங்க, அதான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

முதல் தப்பு, கரண்ட்டை அப்படியே எடுத்து ரிலீஸ் (எல்லாரும் யூஸ் பண்ண வெளியிடற வெர்ஷன்) கூட பெஞ்ச்மார்க் (வேக டெஸ்ட்) போட்டு ஒப்பிடறது. கரண்ட்ங்கறது டெவலப்மென்ட் நடக்குற மெயின் பிராஞ்ச், அதோட கூடவே வர்ற ஜெனெரிக் கர்னல்ல (கர்னல்னா சிஸ்டத்தோட மையப் பகுதி) விட்னஸ், இன்வேரியன்ட்ஸ்னு ரெண்டு சோதனை வசதியும் ஆன்ல தான் வரும். விட்னஸ் என்ன பண்ணும்னா, எந்த லாக்கை (ஒரே டேட்டாவை ரெண்டு வேலை ஒரே நேரத்துல தொடாம தடுக்கற பூட்டு) எடுத்த பிறகு எந்த லாக்கை எடுக்கறாங்கன்னு ஒவ்வொரு தடவையும் குறிச்சு வச்சுக்கும், ஒரு இடத்துல ஏ எடுத்துட்டு பி, இன்னொரு இடத்துல பி எடுத்துட்டு ஏன்னு பார்த்துச்சுன்னா லாக் ஆர்டர் ரிவர்சல்னு கத்தும், ஏன்னா ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா மெஷின் அப்படியே நின்னுடும். இன்வேரியன்ட்ஸ், கர்னலுக்குள்ள டேட்டா ஒழுங்கா இருக்கான்னு வழியெல்லாம் செக் பண்ணி, தப்புன்னா அங்கயே பேனிக் ஆக்கும், அதாவது சிஸ்டத்தை நிறுத்திடும். இந்த வேலைக்கெல்லாம் சிபியு டைம் போகும்ல? எண்ணெயை டின்னோட சேர்த்து நிறுத்துட்டு எண்ணெய் எடை அதிகம்னு சொல்ற மாதிரி ஆயிடும். பூட் ஆகும்போதே "விட்னஸ் ஆன்ல இருக்கு, வேகம் குறையும்"னு வார்னிங் ஒரு வரி ஓடும், சோர்ஸ்ல அப்டேட்டிங் ஃபைல் மேலயும் இதையே எழுதி வச்சிருக்காங்க, யாரும் படிக்கறதில்ல.

அடுத்தது இந்த டீபக் (தப்பு கண்டுபிடிக்கற) வசதிகளைப் பாதி மட்டும் அணைக்கிறது, என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப மோசம். ஜெனெரிக்-நோடீபக்ங்கற டீபக் இல்லாத கர்னல் பில்ட் பண்ணிட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுப்பாங்க, ஆனா யூசர்லேண்ட்ல (கர்னலுக்கு வெளிய புரோகிராம்கள் ஓடற பகுதி) மாலாக், அதாவது மெமரி குடுக்கற பகுதி, இன்னும் டீபக்ல தான் ஓடிட்டு இருக்கும். புரோகிராம் மெமரி கேட்டா குடுக்கறதுக்கு முன்னாடி அந்த இடம் பூரா ஹெக்ஸ் ஏ5ன்னு நிரப்பும், ஃப்ரீ பண்ணா 5ஏன்னு நிரப்பும். ஃப்ரீ பண்ண மெமரியை யாராவது திரும்பத் தொட்டா உடனே மாட்டட்டும்னு தான் இப்படி வச்சிருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா கம்பைலர் மாதிரி மெமரியை அள்ளி அள்ளித் திங்கிற புரோகிராமுக்கு இது பெரிய சுமை. மாலாக் புரொடக்ஷன் ஆப்ஷனை எஸ்ஆர்சி.கான்ஃப்ங்கற பில்ட் செட்டிங்ஸ் ஃபைல்ல போட்டு வேர்ல்டையும் (கர்னல் தவிர மீதி சிஸ்டம்) சேர்த்து பில்ட் பண்ணினாத்தான் கணக்கு சரியா வரும். நம்பர் எடுக்கும்போதும் ஒரே ஒரு ரன் பார்த்து முடிவு பண்ணாதீங்க, பல தடவை ஓட்டி மினிஸ்டாட்ல போடுங்க, அது சிஸ்டம் கூடவே வருது, வித்தியாசம் நிஜமா இல்ல சும்மா ஆட்டமான்னு சொல்லிடும்.

இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பு இருக்கு. டெஸ்ட் பண்ணத்தான் கரண்ட் ஓட்டறேன்னு சொல்லிட்டு எல்லா டீபக்கையும் அணைச்சுடறது. அப்புறம் பக் வந்தா சத்தமில்லாம டேட்டாவைக் கெடுக்கும், டெவலப்பர்கிட்ட சொல்லவும் கையில ஒண்ணும் இருக்காது. மெஷின் மெதுவா ஓடுனாலும் பரவால்ல, தப்பு நடந்த இடத்துலயே நிக்கட்டும். வேகம் அளக்கணும்னா அதுக்குத் தனியா ஒரு கர்னல் வச்சுக்கோங்க.

பேரைப் பார்த்து ஏமாறவும் வேணாம். ஸ்டேபிள் பிராஞ்ச்னா அசையாம இருக்கும்னு அர்த்தம் இல்ல, அதுவும் டெவலப்மென்ட் பிராஞ்ச் தான், கரண்ட்ல ஊறின மாற்றங்கள் அங்க வந்துட்டே இருக்கும், ஸ்டேபிள்ங்கறது பைனரி இன்டர்ஃபேஸ் (கம்பைல் பண்ணி வச்ச புரோகிராம் சிஸ்டத்தோட பேசற முறை) உடையாம பார்த்துப்போம்ங்கற வாக்கு மட்டும் தான். அதுல டீபக் ஆஃப்ல இருக்கறதால வேகம் ஓகே. ஆனா சர்வருக்கு ரிலீஸ் போடுங்க.

கடைசியா, கரண்ட்டுக்குப் போனதும் ஆர்வத்துல ஸீபூல் அப்கிரேட் (இஸட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தோட டிஸ்க் தொகுப்பான பூலை புதுப்பிக்கிற கமாண்ட்) அடிக்காதீங்க. பூல்ல புது ஃபீச்சர் ஏறிடுச்சுன்னா, அப்புறம் ரிலீஸுக்குத் திரும்பும்போது பழைய கர்னல் அந்தப் பூலைத் திறக்கவே மாட்டேன்னு சொல்லலாம், பூட்கூட ஆகாம போகலாம். பீஇசிடிஎல் கமாண்ட்ல ஒரு பூட் என்விரான்மென்ட் (திரும்பிப் போய் பூட் பண்ணக்கூடிய சிஸ்டம் நகல்) எடுத்து வச்சுட்டு அப்புறம் விளையாடுங்க. தம்பி இப்போ அப்படித்தான் பண்ணியிருக்கான், நோடீபக் கர்னல் ஒரு என்விரான்மென்ட்ல, டீபக் கர்னல் இன்னொண்ணுல. பூல் மேல மட்டும் கை வைக்கல.