வாய்ப்புற்று பரவுவதில் ஸ்ட்ரோமா செல்களின் பங்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்ப்புற்றுக் கட்டியைப் படிக்கத் தொடங்குபவர்கள் புற்றுச்செல்களை மட்டுமே பார்த்துவிட்டு, அவற்றைச் சூழ்ந்திருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் (திசுவின் இழைகளை உருவாக்கும் செல்), மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்), இரத்தநாளச் செல்கள் ஆகியவற்றை வெறும் இட்டுநிரப்பாகக் கருதிவிடுகிறார்கள். ஸ்ட்ரோமா எனப்படும் இந்தப் பகுதி சும்மா இருப்பதில்லை. புற்றுச்செல்கள் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தால் தூண்டப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்கள், கொலாஜன் என்ற புரத இழைகளை இழுத்து நேராக்குகின்றன. அவை சுரக்கும் நொதிகள் திசுவை அரித்து வழி திறக்க, அந்த வழியே புற்றுச்செல்கள் நிணநீர் நாளங்களை அடைந்து கழுத்தில் நெறிகட்டச் செய்கின்றன. தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகளைத் தனித்தனிச் செல்லாக ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வும், இடம்பெயரும் தன்மையைப் பாதியளவு பெற்ற புற்றுச்செல்கள் கட்டியின் விளிம்பில், ஃபைப்ரோபிளாஸ்ட்களை ஒட்டியே இருப்பதைக் காட்டியது.

இதற்காக ஸ்ட்ரோமா செல்களையே புற்றுச்செல்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவை பெரும்பாலும் நோயாளியின் இயல்பான செல்கள், தூண்டுதலால் குணம் மாறியவை.

அப்படியானால் அவற்றை அழித்துவிட்டால் நோய் அடங்கிவிடும் என்பது இன்னும் ஆபத்தான முடிவு. கணையப் புற்றுள்ள எலிகளில் மயோஃபைப்ரோபிளாஸ்ட்களை, அதாவது தூண்டப்பட்டுச் சுருங்கும் தன்மை பெற்ற ஃபைப்ரோபிளாஸ்ட்களை, நீக்கிப் பார்த்தபோது, நோய் மேலும் மூர்க்கமாகி எலிகள் விரைவில் இறந்ததை 2014-இல் ஆய்வாளர்கள் கண்டனர். அந்தச் செல்களில் சில கட்டியைத் தடுத்து நிறுத்தியும் வந்திருக்கின்றன. கணையத்தில் கண்டதை வாய்க்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், ஸ்ட்ரோமா முழுவதையும் எதிரியாக அறிவிக்கும் அவசரத்துக்கு அதுவே போதுமான தடை.

ஆல்ஃபா-எஸ்எம்ஏ என்ற தசைப் புரதத்தைக் காட்டும் சாயம் ஏறியதை மட்டும் வைத்து ஒரு செல்லைப் புற்றுசார் ஃபைப்ரோபிளாஸ்ட் என்று முடிவுசெய்வதும் தவறு. இரத்தநாளச் சுவரின் தசைச்செல்களிலும் அதே சாயம் ஏறும்.

நம் ஊர்களில் எனக்கு மிகுந்த கவலையளிப்பது வேறொன்று. பாக்கு மெல்பவர்களுக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும்போது, அது வெறும் இறுக்கம்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பாக்கிலுள்ள அரிகோலின் போன்ற பொருள்களால் கொலாஜன் மிகுந்து ஏற்படும் அந்த நார்த்திசு நோய், ஸ்ட்ரோமாவிலேயே தெரியும் மாற்றம், புற்றாக மாறக்கூடியதும்கூட. ஆகவே பாக்கை உடனே நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் வாய்ப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.