முதல் தவணையில் குழந்தை சிரமப்பட்டதா? அடுத்த தடுப்பூசிக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் தாய்மார்களில் யாராவது ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொல்வாள்: “சிஸ்டர், போன ஊசி பாப்பாவுக்கு ஒத்துக்கல.” என்ன ஆச்சு என்றால், “ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா” என்பதோடு பேச்சு நின்றுவிடும். புதிதாக வேலைக்கு வந்த செவிலியர் அட்டையில் ‘காய்ச்சல்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவார். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நடந்ததும் இதுதான்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, வசம்பு உரைத்துப் புகட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. ஒரு தவணையில் பயந்துபோன வீடு, அடுத்த தவணைக்கு முன் என்ன செய்துவிடுகிறது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நடந்ததைக் குறித்து வைக்காமல் வருவது

எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தருவது இதுதான்.

ஒன்றரை மாதத்தில் ஒரே நாளில் மூன்று ஊசி போடுகிறோம். இடது தொடையில் பென்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுப்பது), வலது தொடையில் நிமோகாக்கல் (நிமோனியாவைத் தடுப்பது), வலது மேல்கையில் போலியோ. கூடவே போலியோ, ரோட்டா (வயிற்றுப்போக்குக்கு எதிரானது) சொட்டு மருந்துகள். அதனால்தான் “எந்தத் தொடை வீங்கியது?” என்று கேட்கிறோம். பதிலிலிருந்தே எந்த ஊசி என்று தெரிந்துவிடும். “வீங்குச்சு” என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.

நேரமும் அப்படித்தான். பென்டாவேலன்ட் காய்ச்சல் பெரும்பாலும் அன்றிரவே வரும், ஓரிரு நாளில் அடங்கும். எட்டாம் நாள் வந்த காய்ச்சலுக்கு அந்த ஊசியைக் காரணம் சொல்ல முடியாது. வேறு தொற்றைத் தேட வேண்டும். ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குக் கணக்கே வேறு. அதில் காய்ச்சல் வந்தால் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் வரும்.

நம் ஊர் வழக்கம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் முதல் தவணை அங்கே போடப்படும், அடுத்தது புகுந்த வீட்டில். அன்றிரவு குழந்தையை மடியில் வைத்திருந்த அம்மாச்சி ஓர் ஊரில், முடிவெடுக்கிறவர்கள் இன்னோர் ஊரில். அப்படி வந்த ஒரு குழந்தையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. மாமியார் “ஃபிட்ஸ் வந்துச்சாம்” என்றார். தாய்க்கு நிச்சயமாகத் தெரியவில்லை, அசந்து தூங்கியிருக்கிறாள். வலிப்பு என்ற சொல்லைக் கேட்ட பிறகு எந்த மருத்துவரும் உடனே ஊசி போட மாட்டார். மாவட்ட மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். பயத்தில் அவர்கள் போகவில்லை. ஏழு மாதமாகியும் அந்தக் குழந்தைக்கு ஒரே ஒரு பென்டாவேலன்ட்தான். கடைசியில் அம்மாச்சியைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு மருத்துவர் முன்னால் பேச வைத்தோம். “ஃபிட்ஸா? யாரு சொன்னது? காய்ச்சல்ல உடம்பு நடுங்குச்சு. தூக்கி மார்ல அணைச்சதும் நின்னுடுச்சு, பாலும் குடிச்சுச்சே!” வலிப்பு அணைத்தால் நிற்காது. குளிர் நடுக்கம் நிற்கும். மருத்துவர் இன்னும் சில கேள்விகள் கேட்டார், குழந்தையைப் பரிசோதித்தார், அன்றே ஊசியைத் தொடரச் சொன்னார். ஒரு போன் பேச்சில் தீர்ந்திருக்க வேண்டியது மாதக்கணக்கில் இழுத்தது. கக்குவான் இருமல் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த முதல் மாதங்களில்தான். அந்த வயதில் ‘கக்’ சத்தம்கூட வராமல் மூச்சே நின்றுபோகலாம்.

ஆகவே அன்றிரவே எழுதுங்கள். ஊசி போட்ட நேரம், தொந்தரவு தொடங்கிய நேரம், தெர்மாமீட்டர் காட்டிய அளவு, அழுகை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, உடம்பு துவண்டதா, வெளுத்ததா, நீலம் பாய்ந்ததா, பிறகு பால் குடித்ததா. உடம்பு உதறினால் ஒருவர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். பிறகு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இந்த விவரத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். காய்ச்சல், வீக்கம், சிணுங்கல் என்றால் அடுத்த தவணை வழக்கம்போல. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, இரண்டு நாளுக்குள் உடம்பு துவண்டு உணர்வில்லாமல் கிடந்தது, மூன்று நாளுக்குள் வலிப்பு, 105 டிகிரி காய்ச்சல் — இவற்றில் எது நடந்திருந்தாலும் குழந்தை மருத்துவர் பார்த்த பிறகே அடுத்த தவணை. அதை எங்கே, எந்த வகை ஊசியாகப் போடுவது என்பதையும் அவரே சொல்வார். அதே ஊசியை மறுபடி போடவே கூடாது என்ற நிலை மிக அரிது: ஊசி போட்ட சற்று நேரத்தில் மூச்சுத்திணறலோடு வரும் கடும் ஒவ்வாமை, அல்லது ஏழு நாளுக்குள் வேறு காரணமில்லாமல் மூளை பாதிக்கப்பட்டு நினைவு தப்புவது. கடுமையான நிகழ்வு எதுவானாலும் செவிலியரிடம் சொல்லுங்கள். அதை ஆராய மாவட்ட அளவில் குழு இருக்கிறது.

ஒன்றுக்காக எல்லாவற்றையும் நிறுத்துவது

பென்டாவேலன்டில் சிரமப்பட்ட குழந்தைக்குப் போலியோவையும் தட்டம்மை ஊசியையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். கடும் காய்ச்சலுக்கும் ஓயாத அழுகைக்கும் பெரும்பாலும் காரணம் பென்டாவேலன்டுக்குள் இருக்கும் கக்குவான் பகுதி. போலியோ, தட்டம்மை ஊசிகளில் அது கிடையாது.

ஒரு நாடே இப்படி நிறுத்திப் பார்த்திருக்கிறது. ஜப்பானில் கக்குவான் பகுதி உள்ள முத்தடுப்பூசிக்குப் பின் இரண்டு குழந்தைகள் இறந்ததால் 1975இல் அந்த ஊசியை நிறுத்தினார்கள். சில வாரங்களில் மீண்டும் தொடங்கியும் மக்களுக்குப் பயம் போகவில்லை. 1979இல் 13,000 பேருக்கு மேல் கக்குவான் வந்தது. 41 பேர் இறந்தார்கள்.

எடுத்த எடுப்பில் ‘வலியில்லா ஊசி’ கேட்பது

1981 முதல் ஜப்பான் பயன்படுத்திய புது வகை ஊசியின் வழிவந்ததுதான் இன்று தனியார் மருத்துவமனைகளில் கேட்கப்படும் வலியில்லா ஊசி. முழுக் கிருமிக்குப் பதில் அதன் சில புரதங்கள் மட்டும் இதில் இருப்பதால் காய்ச்சலும் அழுகையும் குறைவு. ஆனால் கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது, செலவும் ஆயிரக்கணக்கில். முன்பு கடுமையாகச் சிரமப்பட்ட குழந்தைக்கு இது நல்ல வழி. ஒருநாள் காய்ச்சலுக்காகக் கடன் வாங்கிப் போட வேண்டியதில்லை. தனியாரில் போட்டால் அதே அட்டையில் பதிந்து வாங்குங்கள்.

சொட்டு மருந்தையும் சிரப்பையும் ஒன்றாக அளப்பது

பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும். ஐந்து கிலோ குழந்தைக்கு 50 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் அரை மில்லி, சிரப்பில் இரண்டு மில்லி. பாட்டில் மாறினால் லேபிளைப் பார்த்து, அளவை மறுபடி கேளுங்கள்.

மறைத்துவிட்டு வேறு இடத்தில் போடுவது

எங்கே போட்டாலும் போன தவணையைச் சொல்லுங்கள்.

தவணை தப்பிவிட்டதே என்று வராமல் இருப்பது

விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

சாயங்காலம் வந்து, போட்டதும் கிளம்புவது

சிரமப்பட்ட குழந்தையைக் காலையிலேயே கூட்டி வாருங்கள். பகல் முழுக்கக் கண்காணிக்கலாம், கூப்பிட்டால் மருத்துவரும் இருப்பார். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் எங்கள் கண் முன்னாலேயே உட்காருங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் போட வேண்டிய அட்ரினலின் இங்கேதான் இருக்கிறது. அன்றிரவு யார் கண்விழிப்பது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். முடிந்தால் போன தடவை பக்கத்தில் இருந்தவரையே அழைத்து வாருங்கள்.